பழைய பிக்கப்புக்கு பிரேக் ஆயில் மாற்றுவது ஏன்?

செகண்ட் ஹேண்டில் பிக்கப் வாங்கியவர்கள் என்ஜின் ஆயிலை உடனே மாற்றிவிடுவார்கள். பிரேக் ஆயிலைப் பலர் கண்டுகொள்வதில்லை. அளவு குறையாதபோது ஏன் மாற்ற வேண்டும்?

அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் திரவம். ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட ஈரம் மெல்ல உள்ளே இறங்கும். தர விதிப்படி, டாட் 3 தரத்தில் உள்ள புதிய பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். சுமார் 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 140 டிகிரிதான்.

பாரத்தோடு மலைப்பாதையில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சக்கரத்தின் பிரேக் காலிப்பர் கடுமையாகச் சூடாகும்; திரவத்தில் இருக்கும் நீர் ஆவிக்குமிழாகும். திரவம் அழுத்தினால் சுருங்காது, அதனால்தான் மிதிக்கும் விசை சக்கரம்வரை போகிறது. ஆவியோ சுருங்கிவிடும். பெடல் பஞ்சுபோல் அமுங்கும், வண்டி நிற்காது.

எப்படி மாற்றுவது? ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தின் பிளீடர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். காபி நிறத்தில் வரும் பழையது தீர்ந்து, தெளிந்த திரவம் வரவேண்டும். இடையில் பிரேக் ஆயில் ஊற்றும் மேல் டப்பா வற்றினால் காற்று புகுந்துவிடும். அந்த டப்பாவின் மூடியில் போட்டிருக்கும் டாட் எண் கொண்ட திரவத்தையே வாங்குங்கள். என்றோ திறந்து வைத்த பாட்டில் வேண்டாம், அதுவும் ஈரம் குடித்திருக்கும்.