சராசரி விளைவை எவ்வளவு நம்பலாம்?

வேலணைத் தீவில் மண்கும்பான் போன்ற மணற்பாங்கான இடங்களில் தோட்டத்துக்குத் தோட்டம் விளைவு வேறுபடும். ஆதலால், புதிய கத்தரியினமொன்றின் சராசரியை மட்டும் கேட்டு முதலிடுதல் தகாது.

அவ்வினம் பயிரிட்ட தோட்டங்களுள் ஒன்பதைத் திருவுளச்சீட்டால் தெரிந்து, ஒரே பரப்பளவிற் பெற்ற காயை நிறுத்ததாகக் கொள்வோம்: 56, 40, 48, 56, 44, 40, 48, 52, 48 கிலோ. சராசரி 48, நியம விலகல் 6. விலகலை ஒன்பதின் வர்க்கமூலமாகிய 3 ஆல் வகுக்க 2 வரும். ஒன்பது மாதிரிகளுக்கு அட்டவணை தரும் எண் 2.306, பெருக்கினால் ஏறத்தாழ 4.6. சிறு மாதிரிகளுக்கான இம்முறையை 1908 இல் தொடக்கிவைத்தவர், டப்ளின் கின்னஸ் வடிசாலையிற் பணிபுரிந்த கொசெற் என்பார். ஆகவே 95 சதவீத நம்பிக்கை ஆயிடை 43.4 முதல் 52.6 கிலோ வரை.

இம்முறையைப் பன்முறை கையாண்டால், நூற்றுக்கு 95 தடவை வரையில் ஆயிடை உண்மைச் சராசரியை உள்ளடக்கும் என்பதே இதன் பொருள். 95 சதவீதத் தோட்டங்கள் இவ்வெல்லைக்குள் விளையும் என்பதன்று. மேற்கண்ட ஒன்பதில் நான்கு வெளியே நிற்கின்றன.

பழைய இனத்தின் சராசரி 45 கிலோவெனின், அதுவும் ஆயிடையுள் அடங்கும். எனவே புதியதே மேலென்று துணிதல் கூடாது, தள்ளிவிடுதலும் ஆகாது. நகையை ஈடுவைத்துத் தோட்டம் முழுவதையும் மாற்றாது, ஒரு பகுதியில் நட்டுப் பார்த்தல் நன்று. 36 தோட்டங்களில் நிறுத்து, அதே சராசரியும் விலகலும் வரின், ஆயிடை ஏறத்தாழ 46 முதல் 50 வரையாகச் சுருங்கும், அப்போது துணியலாம்.