முகத்து மருவுக்குச் சுண்ணாம்பு வேண்டாம்

எமது கிராமங்களில் ஒருவரின் முகத்தில் மரு தோன்றிவிட்டால் வைத்தியம் சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை. சுண்ணாம்பையும் சவர்க்காரத்தையும் குழைத்து வைக்கச் சொல்வார் ஒருவர். தலைமயிரால் இறுக்கிக் கட்டச் சொல்வார் இன்னொருவர். பற்றறி அசிட்டை ஈர்க்கினால் தொட்டு வைப்போரும் உண்டு. கல்யாணம் பேசும் வயதிலுள்ள பெண்பிள்ளைகளே இவற்றுக்கு அதிகம் ஆளாகின்றனர். மரு போய்விடலாம், வெந்த வடு ஆயுள் முழுவதும் நின்றுவிடும். கண்ணருகே வைத்த சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே பறிபோகலாம். ஆகவே எதை விட்டுவிடலாம், எதை வைத்தியரிடம் காட்டவேண்டும் என்பதை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

தீங்கற்றவை எவை?

பிறந்த குழந்தையின் மூக்கிலும் கன்னத்திலும் குண்டூசித் தலை போன்ற வெண்புள்ளிகள் காணப்படுவதுண்டு. ஏறக்குறையப் பாதிக் குழந்தைகளுக்கு இவை வருகின்றன. உதிரவேண்டிய தோல் உள்ளே அடைபடுவதே காரணம். சில வாரங்களில் தாமாகவே மறைந்துவிடும். நசுக்கக் கூடாது.

வளர்ந்தோரின் கன்னத்திலும் கண்ணோரத்திலும் மிளகு தூவியதுபோல் கரிய முளைகள் தோன்றும். கருநிறத் தோலுடையோருக்கு, அதிலும் பெண்களுக்கு, இவை அதிகம். பெரும்பாலும் பரம்பரையாக வரும். இவற்றை 1925இல் ஜமெய்க்கா மக்களிடம் கண்டு விபரித்தவர் கஸ்ரெல்லானி என்னும் இத்தாலிய வைத்தியர். அதற்கு முன்னர் கொழும்பில் பணியாற்றிய அவர், 1905இல் இங்கே பறங்கி நோயின் கிருமியைக் கண்டறிந்தவர். இம்முளைகள் புற்றுநோய் அல்ல, பிறருக்குத் தொற்றுவதுமில்லை.

கண்ணிமையிலும் கழுத்திலும் காம்புடன் தொங்கும் மென்மையான மருக்களும் தீங்கற்றவையே. ஆனால் அவை பல தோன்றி, பிடரித் தோலும் கறுத்துத் தடித்திருந்தால், சலரோகம் உண்டா என இரத்தத்தைப் பரிசோதிப்பது நல்லது.

சிறுபிள்ளைகளுக்கு முத்துப்போல் மினுங்கி, நடுவில் குழிவுள்ள பருக்கள் வரும். இது வைரசினால் உண்டாவது. பெரும்பாலும் ஓராண்டு அளவில் தானாக மாறிவிடும். அதுவரை அப்பிள்ளைக்குத் தனித் துவாய் கொடுங்கள், சொறியவிடாதீர்கள்.

அகற்ற விரும்பினால்

தோல் வைத்திய நிபுணர் மின்சூட்டினாலோ உறைகுளிரினாலோ மருவை அகற்றுவார். எமது நிறத்தோருக்கு அதனாலும் தோல் கறுக்கவோ வெளுக்கவோ இடமுண்டு. எனவே முதலில் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துப் பார்ப்பது புத்தி. கடைகளில் விற்கும் வெள்ளையாக்கும் கிறீம்கள் மருவைப் போக்கமாட்டா. அவற்றுள் சிலவற்றில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் பாதரசம் உண்டு.

தாமதிக்கக் கூடாதவை

வலியோ கடியோ இன்றித் தோன்றி, மாதக்கணக்கில் மாறாது, பின் புண்ணாகும் கட்டி மணல் ஈ கடியால் வந்த லீஸ்மேனியா நோயாக இருக்கலாம். இந்நாட்டிலேயே இந்நோய் தொற்றிய முதல் நோயாளி 1992இல் அறியப்பட்டார். அனுராதபுரம், பொலன்னறுவை, ஹம்பாந்தோட்டை ஆகிய மாவட்டங்களில் இது பரவலாகக் காணப்படுகிறது, வடக்கிலும் கண்டறியப்பட்டுள்ளது. கட்டிக்குள் ஊசிமருந்து ஏற்றி இதனைக் குணப்படுத்தலாம்.

காதுமடல் தடித்து, முகத்தில் முடிச்சுகள் தோன்றினாலோ, உணர்ச்சியற்ற தேமல் இருந்தாலோ தொழுநோயா எனச் சோதிக்கவேண்டும். 1995இல் நாடளாவிய கட்டுப்பாட்டு இலக்கை எட்டியபோதும் ஆண்டுதோறும் புதிய நோயாளர் இனங்காணப்படுகின்றனர். மருந்து இலவசம், காலத்தோடு தொடங்கினால் ஊனமின்றிக் குணமாகலாம்.

விரைவாக வளரும், நிறம் மாறும், இரத்தம் கசியும் மருவையும், ஒரு மாதமாகியும் ஆறாத புண்ணையும் உடனே காட்டுங்கள்.

மாதர் சங்கக் கூட்டங்களில் இதைப்பற்றிப் பேசுங்கள். சந்தேகமிருந்தால் குடும்பநல மாதுவிடம் கேளுங்கள். தீங்கற்ற மருவோடு ஒரு பெண் நன்றாக வாழலாம். அதை எரித்த வடுவை நாம் அவளுக்குக் கொடுக்கவேண்டாம்.