தலைச்சதை கண்ணை மறைக்கும் தங்கமீன்கள்: பட்டினியில் இருந்து காப்பது எப்படி?

தொட்டியில் உணவு விழுந்த சில நொடிகளில் மற்ற மீன்கள் மேலே பாய்ந்து வந்து தின்று முடிக்கின்றன. ஒரு மீன் மட்டும் அடியில் கிடக்கும் கூழாங்கற்களைத் துழாவிக்கொண்டே இருக்கிறது. அதற்குப் பசியில்லை என்று வீட்டில் உள்ளவர்கள் எண்ணக்கூடும். உண்மையில், உணவு விழுந்ததையே அந்த மீன் பார்த்திருக்காது. தலையில் காலிபிளவர் போல வளர்ந்த சதை அதன் இரு கண்களையும் மூடியிருக்கும்.

ஒரண்டா, லயன்ஹெட், ராஞ்சு ஆகிய தங்கமீன் வகைகளில் காணப்படும் இந்தச் சதை வளர்ச்சி 'வென்' என்று அழைக்கப்படுகிறது. இது நோய் அல்ல. புற்றுநோய்க் கட்டியும் அல்ல. தங்கமீன்களைச் சீனர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வளர்த்து வருகின்றனர். அழகுக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததன் விளைவாகவே தலைத்தோல் தடித்து வளரும் இந்த இயல்பு நிலைபெற்றது. மீன் வளர வளர வென்னும் வளர்கிறது. சந்தையில் தலை பெரிதாக இருந்தால் விலையும் கூடுகிறது. அதனால் மீனுக்குத்தான் எந்தப் பயனும் இல்லை.

பார்வைக் குறைவுக்கு வென் மட்டுமே காரணம் அல்ல. பிளாக் மூர் உள்ளிட்ட 'டெலஸ்கோப்' வகைகளில் கண்கள் பிதுங்கி நிற்பதால் பார்வை இயல்பிலேயே மங்கலாக இருக்கும். இந்த வடிவத்தை எல்.ஆர்.பி.2 என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்துடன் 2020-ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வுகள் தொடர்புபடுத்தின. 'செலஸ்டியல்' வகையின் கண்கள் வானத்தையே பார்த்திருக்கும். 'பபிள் ஐ' வகைக்குக் கண்ணின் கீழ் நீர் நிறைந்த பை தொங்கும். கூரான கல் உரசினாலே அது கிழிந்துவிடும்.

உணவளிக்கும் முறை

பார்வை இழந்த தங்கமீன் பல ஆண்டுகள் நலமாக வாழ முடியும். மோப்ப உணர்வும், நீரின் அசைவை உணரும் பக்கவாட்டுக் கோடு என்ற உறுப்பும் அதற்குத் துணை நிற்கின்றன. ஆபத்து போட்டியில்தான் இருக்கிறது. வேகமாக நீந்தும் காமெட், சாதாரண தங்கமீன் ஆகியவற்றுடன் அதே தொட்டியில் விட்டால், நிறைய உணவு போட்டும் அது பட்டினி கிடக்கும். எனவே பார்வை குறைந்த மீனைத் தனியாகவோ, அதே போன்ற மெதுவான மீன்களுடனோ வைக்க வேண்டும்.

நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே மூலையில் உணவிடுவது அவசியம். உணவிடும் முன் கண்ணாடியை விரலால் மெல்லத் தொட்டுப் பழக்கினால், சில வாரங்களில் மீன் அந்த மூலைக்குத் தானே வந்து நிற்கத் தொடங்கும். மிதக்கும் உணவைக் காட்டிலும் மூழ்கும் உருண்டைகள் ஏற்றவை. வேகவைத்துத் தோல் நீக்கிய பட்டாணியையும் தரலாம். ரத்தப்புழு போன்ற புரதம் மிகுந்த உணவு வென் வளர்ச்சியைத் தூண்டும் என்பது வளர்ப்போரிடையே நிலவும் கருத்து. தொட்டிக்குள் இருக்கும் பொருள்களை அடிக்கடி இடம் மாற்றக் கூடாது. கண் தெரியாத மீன் அவற்றின் இடத்தை நினைவில் வைத்தே நீந்துகிறது.

கோடையும் நீரும்

தங்கமீன் குளிர்ந்த நீரை விரும்பும் மீன். புத்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே உள்ள வடமாலபேட்டை போன்ற ஊர்களில் கோடை வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது உண்டு. நீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். வென் செவுள் மூடி வரை வளர்ந்துள்ள மீனுக்கு இது இரட்டைச் சுமை. காற்றுக்குழாயை இடைவிடாமல் இயக்குவதும், தொட்டியை ஜன்னல் வெயிலில் இருந்து விலக்கி வைப்பதும் தேவை. வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். குழாய் நீரைக் குளோரின் நீக்கிய பிறகே ஊற்ற வேண்டும்.

வென் மடிப்புகளில் உணவுத் துகள் தங்கினால் கிருமித் தொற்று ஏற்படலாம். சிவந்த திட்டு, பஞ்சு போன்ற படலம் ஆகியவை அதன் அறிகுறிகள். வென் வளரும்போது அதன் மேல் தோன்றும் வெண்மையான சிறு முகடுகளை வெண்புள்ளி நோய் எனக் கருதிப் பலர் மருந்து ஊற்றிவிடுகின்றனர். வெண்புள்ளி நோயில் புள்ளிகள் துடுப்புகளிலும் உடலிலும் பரவியிருக்கும்.

வெட்டலாமா?

கண்ணை மறைப்பதோடு வாயையும் மூடி மீன் உண்ண முடியாமல் போனால் மட்டுமே வென்னைச் சிறிதளவு அகற்றுவது குறித்து யோசிக்கலாம். அதையும் மயக்க மருந்து அளித்து, கால்நடை மருத்துவரே செய்ய வேண்டும். வீட்டில் கத்தரிக்கோலால் வெட்ட முயன்றால் கண்ணே பறிபோகலாம். வெட்டிய சதை மீண்டும் வளரவும் கூடும்.

மீனுக்கு அறுவை சிகிச்சையா என்ற வியப்பு தேவையில்லை. 2014-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் உள்ள லார்ட் ஸ்மித் கால்நடை மருத்துவமனையில், ஜார்ஜ் என்ற தங்கமீனின் தலையில் வளர்ந்த கட்டி அகற்றப்பட்டது. அது வென் அல்ல, உண்மையான கட்டி. மயக்கமடையச் செய்யும் நீர் ஒரு வாளியிலும், மயக்கத்தைத் தொடரச் செய்யும் நீர் இரண்டாவது வாளியிலும், மயக்கம் தெளிய நல்ல நீர் மூன்றாவது வாளியிலும் வைக்கப்பட்டன. சிகிச்சை சுமார் 45 நிமிடங்கள் நீடித்தது. ஜார்ஜ் பிழைத்தது.

வடமாலபேட்டை பகுதியினருக்குத் திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் அருகில் உள்ளது. எந்த மருத்துவரிடம் செல்வதானாலும், மீனுக்குச் சிகிச்சை அளிப்பவரா என்பதை முன்கூட்டியே கேட்டறிவது நல்லது. மீனை அதன் சொந்தத் தொட்டி நீரிலேயே எடுத்துச் செல்ல வேண்டும். பரிசோதனைக்காகத் தொட்டி நீரைத் தனி பாட்டிலிலும் கொண்டு செல்லலாம்.