பிடி விட்ட செல்கள்

எண்டோஸ்கோபியில் கட்டி எதுவும் தெரியவில்லை. பசி, செரிமானம் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. ஆனாலும் இரைப்பையை முழுவதுமாக எடுத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். சிடிஎச்1 மரபணுவில் பழுதோடு பிறந்தவர்கள், பெரும்பாலும் 20 முதல் 30 வயதுக்குள், எதிர்கொள்ளும் யோசனை இது.

16ஆம் குரோமோசோமில் உள்ள இந்த மரபணு, இ-கேட்ஹெரின் என்ற புரதத்தை உருவாக்குகிறது. தோல், இரைப்பை, மார்பகப் பால்குழாய் என எங்கெல்லாம் செல்கள் படலமாக அடுக்கப்பட்டிருக்கின்றனவோ, அங்கெல்லாம் அவற்றைப் பிணைத்து வைப்பது இதுதான். செல்லுக்கு வெளியே ஐந்து கணுக்களாக நீண்டிருக்கும். கணுக்களுக்கு இடையே கால்சியம் அமர்ந்தால் விறைத்து நின்று, பக்கத்துச் செல்லிலிருந்து நீளும் தன் இணையைப் பற்றிக்கொள்ளும். கால்சியம் அகன்றால் துவண்டுவிடும்.

இதற்குத் துப்புக் கொடுத்தது தோற்றுப்போன ஒரு சோதனை. 1970களில் ஜப்பானின் கியோட்டோவிலிருந்து அமெரிக்காவின் பால்டிமோருக்குச் சென்ற மசாதோஷி தகெய்ச்சி, வழக்கம்போல டிரிப்சின் நொதியால் செல்களைப் பிரித்தார். கியோட்டோவில் மறுபடி ஒட்டிக்கொண்ட செல்கள் இங்கே ஒட்ட மறுத்தன. காரணத்தைத் தேடிப் போனபோது, அந்த ஆய்வகத்தின் டிரிப்சின் கரைசலில் கால்சியத்தைக் கவ்வி இழுக்கும் ஈடிடிஏ கலந்திருந்தது தெரிந்தது. கால்சியம் கூட இருக்கும்வரை டிரிப்சினால் சிதைக்க முடியாத ஒட்டும் புரதம் ஒன்று உண்டென்று அவர் ஊகித்தார். அதுவே பின்னர் கேட்ஹெரின் என்று பெயர் பெற்றது.

நோயோடு இதற்குள்ள தொடர்பை வெளிக்கொண்டுவந்தவர்கள் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர்கள். தலைமுறை தலைமுறையாக, இளம் வயதினரைக்கூட இரைப்பைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்கள். அவர்களே ஆய்வாளர்களைத் தேடிச் சென்று தங்கள் வம்சாவளியை முன்வைத்தார்கள். 1998இல் பாரி கில்ஃபோர்டின் குழு சிடிஎச்1 பழுதை அடையாளம் கண்டது. இந்தக் கண்டுபிடிப்பில் அந்தக் குடும்பத்துக்கும் சரிபாதிப் பங்கு உண்டு என்பேன்.

பெற்றோரில் ஒருவருக்குப் பழுது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்கான வாய்ப்பு 50 சதவீதம். வந்த எல்லோருக்கும் புற்றுநோய் வந்தே தீரும் என்பதில்லை. மரபணுவின் மீதமிருக்கும் நல்ல பிரதியும் ஒரு செல்லில் முடங்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயின் ஒரு வகையும் வரக்கூடும் என்பதால் எம்ஆர்ஐ கண்காணிப்பு வேண்டும்.

மற்றப் புற்றுநோய்கள் பலவற்றில் செல்கள் திரண்டு கட்டியாகும். கைக்கோ கருவிக்கோ அகப்படும். இங்கே பிடி விட்ட செல்கள் தனித்தனியாகப் பிரிந்து இரைப்பைச் சுவருக்குள் பரவுகின்றன. மேலே படலம் வழவழப்பாகவே இருக்கும்.

அறுவை சிகிச்சையில் உணவுக்குழாயை நேரடியாகச் சிறுகுடலோடு இணைத்துவிடுகிறார்கள். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிட வேண்டும். வாழ்நாள் முழுக்க பி12 எடுத்துக்கொள்ள வேண்டும். நலமாக இருக்கும் ஓர் இளைஞர் இதற்குச் சம்மதிப்பது எத்தனை பெரிய முடிவு! எடுத்த இரைப்பையைத் துண்டு துண்டாக நறுக்கி நுண்ணோக்கியில் பார்க்கும்போது, எண்டோஸ்கோபிக்குத் தப்பிய புற்றுச் செல்கள் பெரும்பாலோரிடம் தென்படுகின்றன, படலத்துக்குச் சற்றே அடியில், அங்கொன்றும் இங்கொன்றுமாக.