ஐ.சி.யூ. வாசலில் ஒரு பாட்டு

உள்ளே படுத்திருப்பவருக்காவது மயக்க மருந்து உண்டு. வாசலில் காத்துக் கிடப்பவருக்கு அதுவும் கிடையாது. பிரான்சில் 43 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், நோயாளிகளின் உறவினர் 800 பேருக்கு மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2001இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். அவர்களில் 69 சதவீதம் பேரிடம் பதற்றத்தின் அறிகுறிகள் இருந்தன.

இந்தப் பதற்றத்துக்குப் பாட்டு என்ன செய்யும்? நியூயார்க் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் இசை சிகிச்சையாளராக இருந்த ஜோஆன் லோவி, 11 மருத்துவமனைகளில் 272 குறைமாதக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. அதில் எனக்குப் பிடித்தது, பாட்டைத் தேர்ந்தெடுத்தது பெற்றோர் என்பதுதான். தங்கள் குடும்பத்துக்கு நெருக்கமான ஏதோ ஒரு பாட்டை அவர்கள் சொல்ல, அது தாலாட்டின் நடைக்கு மெதுவாக்கப்பட்டு, தொட்டில் பக்கத்தில் நேரடியாகப் பாடப்பட்டது. ஒலிப்பதிவு அல்ல. குழந்தைகளின் இதயத் துடிப்பு தணிந்தது. பெற்றோரின் மன அழுத்தமும் குறைந்தது.

எனக்கு இதில் வியப்பில்லை. இன்குபேட்டருக்குள் இருக்கும் பிள்ளையை நினைத்த நேரத்தில் தூக்க முடியாது, பசியாற்ற முடியாது. மானிட்டரில் ஓடும் எண்ணை வெறித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அப்படி இருக்கும் அம்மாவுக்குப் பாட்டு ஒரு வேலையைக் கொடுக்கிறது, அவளால் மட்டுமே செய்யக்கூடிய வேலை.

அதே ஆண்டு இன்னொரு ஆய்வும் வெளிவந்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில், வென்டிலேட்டரில் இருந்த பெரியவர்களிடம் ஹெட்போனைக் கொடுத்து, பிடித்த இசையை வேண்டும்போது கேட்கவிட்டார்கள். அவர்களுக்கும் பதற்றம் குறைந்தது, மயக்க மருந்தின் தேவையும் குறைந்தது. இரண்டு ஆய்விலும் பாட்டைத் தேர்ந்தெடுத்தது சம்பந்தப்பட்டவர்களேதான். ஆக, யாரோ முடிவுசெய்து வராந்தா ஸ்பீக்கரில் நாள் முழுக்க ஓடவிடும் வீணையிசைக்கு இந்தப் பலன் இருக்கும் என்று நான் நம்பவில்லை. சிலருக்கு அது எரிச்சலைத்தான் கூட்டும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐ.சி.யூ. வாசலில் இருப்பவர் காதில் ஹெட்போன் மாட்டவே பயப்படுவார். "பெட் நம்பர் ஏழு அட்டெண்டர் யாருங்க?" என்று நர்ஸ் எந்த நொடியும் கூப்பிடலாமே! கழிப்பறைக்குப் போகக்கூட ஆள் மாற்றிவிட்டுப் போகிறவர்கள், கண்ணை மூடிப் பாட்டா கேட்பார்கள்?

அந்தப் பிரெஞ்சு ஆய்விலேயே இதற்கு வழி இருக்கிறது. டாக்டரும் நர்ஸும் முறையாகச் சந்தித்துப் பேசாத இடங்களிலும், குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசத் தனி அறை இல்லாத இடங்களிலும் பதற்றம் கூடுதலாக இருந்தது. டாக்டர் எத்தனை மணிக்கு வெளியே வந்து பேசுவார் என்று முதலில் எழுதி ஒட்டட்டும், அவசரமென்றால் செல்போனில் கூப்பிடட்டும். ஹெட்போனை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.