விளையாட்டுக் கணினி வாங்குமுன்

மாற்றல் உத்தரவு கைக்கு வந்தால் பாத்திரம் பண்டங்களை மூட்டை கட்டி லாரியில் ஏற்றிவிடலாம். புது ஊரில் பெரியவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது. மாலையில் வந்து அமர நம் சங்கம் இருக்கிறது. பிள்ளைகளின் நிலை அவ்வாறன்று. கூடித் திரிந்த தோழர்களை ஊரிலே விட்டுவிட்டு, பாஷை புரியாத பள்ளியில் கடைசி பெஞ்சில் போய் அமர்கிறார்கள்.

நாங்கள் மதுரையிலிருந்து தில்லிக்குக் குடிவந்தபோது எங்கள் மகனுக்கு வயது 13. ஹிந்தி நாவில் ஏற ஓராண்டு ஆயிற்று. அந்த ஓராண்டும் அவனுக்கு இருந்த ஒரே ஆறுதல் மதுரையிலுள்ள அத்தை பிள்ளைகள்தாம். அவர்கள் மாலைதோறும் கணினியில் ஒன்றுகூடி விளையாடுவார்கள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓயாமல் பேசுவார்கள். எங்கள் வீட்டில் கணினி இல்லை. ஆகவே இவன் தொலைபேசியில் அவர்கள் விளையாட்டின் கதையைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

“விளையாட்டுக்கென்று ஒரு கணினியா?” என்று முதலில் மறுத்தோம். பிறகு மனம் கேளாமல், தீபாவளி போனஸோடு சேமிப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குச் சென்றோம். கண்ணாடிப் பெட்டி, உள்ளே வானவில் போல விளக்குகள். “இதில் எல்லா விளையாட்டும் ஓடும்” என்றார் கடைக்காரர். கேட்ட தொகையைக் கொடுத்தோம். கைச்சீட்டு ஒன்றை எழுதிக் கொடுத்தார். எட்டாம் மாதம், ஜூன் வெயிலில், ஒரு நாள் மாலை கருகிய நாற்றம் வந்தது. மின்சாரம் வழங்கும் பெட்டி எரிந்து, மதர்போர்டையும் உடன் கொண்டுபோயிற்று. கைச்சீட்டை எடுத்துக்கொண்டு ஓடினோம். அதற்கு மதிப்பில்லை என்று தெரிந்தது.

வீடு திரும்பியபோது பையன் சொன்னான்: “பரவாயில்லைப்பா. நான் பழையபடி போன்லயே கேட்டுக்கிறேன்.” அந்தச் சொல் பணம் போனதைவிட எங்களை அதிகமாகச் சுட்டது.

பழுது பார்க்க வந்த தமிழ் இளைஞர் ஒருவர்தாம் எங்கள் கண்ணைத் திறந்தார். “தம்பி என்ன விளையாடுகிறான்?” என்று அவர் கேட்டார். நாங்கள் ஒருபோதும் கேளாத கேள்வி அது. மைன்கிராஃப்ட், கார்களை ஓட்டிப் பந்தடிக்கும் ராக்கெட் லீக் என்று பையன் கூறினான். அவ்விரண்டுக்கும் நாங்கள் வாங்கிய பெட்டியே தேவையில்லையாம். அந்தப் பணத்தில் பாதியில் காரியம் முடிந்திருக்குமாம். அன்று முதல் கேட்டும், இரண்டாம் முறை வாங்கியும் நாங்கள் அறிந்தவற்றை, நம்மைப் போன்ற குடும்பங்களுக்குப் பயன்படும் என்று இங்கே எழுதுகிறோம்.

விளையாட்டின் பெயர் முதலில்

கணினியின் விலையைக் கேட்குமுன் பிள்ளையிடம் விளையாட்டின் பெயரைக் கேளுங்கள். ஒவ்வொரு விளையாட்டின் விற்பனைப் பக்கத்திலும் இரண்டு பட்டியல்கள் இருக்கும். ‘குறைந்தபட்சம்’ என்பது எப்படியோ ஓடும் அளவு. ‘பரிந்துரை’ என்பது சுகமாக ஓடும் அளவு. இரண்டாவதைக் கணக்கில் கொள்க.

மைன்கிராஃப்ட், ராக்கெட் லீக், வேலரன்ட் போன்றவை எளியவை. இவற்றுக்குப் படம் வரையும் ஆற்றலையும் உள்ளடக்கிய பிராசஸர் ஒன்றே போதும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி, 2024இல் வந்த 8600ஜி ஆகியவை இவ்வகை. இவை ரேமையே கடன் வாங்கிப் படம் வரைகின்றன. ஆகவே 16 ஜி.பி. ரேமை ஒரே துண்டாக வாங்காமல், 8 ஜி.பி. துண்டுகள் இரண்டாக வாங்க வேண்டும். பிராசஸரும் ரேமும் பேசிக்கொள்ளும் பாதை அப்போது இரட்டிப்பாகிறது. ஆட்டத்தின் வேகம் கண்ணுக்குத் தெரியுமளவு கூடுகிறது.

சைபர்பங்க் 2077, எல்டன் ரிங் போன்ற பெருங்கதை விளையாட்டுகளுக்குத் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வேண்டும். கேபினெட்டுக்குள் போகும் பணத்தில் 100க்கு 35 முதல் 40 வரை இந்தக் கார்டுக்கே ஒதுக்குவது முறை. கார்டுக்கென்று சொந்த நினைவகம் உண்டு. 2024 டிசம்பரில் வெளிவந்த இன்டெல் ஆர்க் பி580இல் அது 12 ஜி.பி.; 2025இல் வந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 5060இல் 8 ஜி.பி. புதிய பெரு விளையாட்டுகளில் சிலவற்றுக்கு 8 ஜி.பி. இடநெருக்கடியாகிவிடுகிறது. பல ஆண்டுகள் வைத்திருக்க எண்ணுவோர் இதையும் சீர்தூக்க வேண்டும்.

மானிட்டரும் இதே கணக்கில் அடங்கும். 1920க்கு 1080 என்ற திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 2560க்கு 1440 என்ற திரையில் சுமார் 36.9 லட்சம். பெரிய திரையை வாங்கினால் கார்டின் வேலை ஏறக்குறைய முக்கால் பங்கு கூடிவிடும். தொடங்குகிறவர்களுக்கு முதல் திரையே சாலும்.

வீட்டில் பழைய கணினி இருப்பின் அதை உடனே தள்ளிவிட வேண்டாம். சுமார் 70 வாட் மட்டுமே இழுக்கும் ஆர்.டி.எக்ஸ். 3050 6 ஜி.பி. போன்ற சிறு கார்டு, இடமிருந்தால் பல அலுவலகக் கணினிகளிலும் பொருந்தும். ஆனால் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அக்கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று பார்த்த பின்னரே அதன்மேல் பணம் போடுக.

மேஜையா, மடியா?

மூன்றாண்டுக்கொரு முறை ஊர் மாறும் குடும்பங்கள் மடிக்கணினியை நாடுவது இயல்பே. அதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆர்.டி.எக்ஸ். 4060 என்ற ஒரே பெயரில் மடிக்கணினிக்கென விற்கும் கார்டு, அதைத் தாங்கும் கணினிக்கேற்ப 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதிலும் இயங்கும்படி அமைக்கப்படுகிறது. மேஜைக் கணினியில் அதே பெயருள்ள கார்டுக்கு 115 வாட். பெயர் ஒன்றாயிருப்பினும் ஆற்றல் ஒன்றன்று. ஆகவே வாட் எண்ணைக் கேளாமல் மடிக்கணினி வாங்கலாகாது.

மேஜைக் கணினியில் ஒரு பாகம் பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். மடிக்கணினியில் ரேம், எஸ்.எஸ்.டி. தவிர மற்றவற்றை மாற்றுவது அரிது. எங்கள் குடும்பம் மேஜைக் கணினியையே தேர்ந்தது. மாற்றலின்போது கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் அட்டைப்பெட்டியில் தனியே வைத்துக் கொண்டுபோக வேண்டும். லாரிக் குலுக்கலில் கனத்த கார்டு தான் செருகியுள்ள இடத்தையே பெயர்த்துவிடக்கூடும். எனவே அட்டைப்பெட்டிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத பாகம்

எங்களை ஏமாற்றியது எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்பெட்டி. அது வெளியே தெரிவதில்லை. பெயரில்லாத மலிவுப் பெட்டியை வைத்து மிச்சத்தை லாபமாக்குவது சுலபம். கேட்டறிந்த நிறுவனத்தின் பெயர், ‘80 பிளஸ் பிரான்ஸ்’ முத்திரை, 550 அல்லது 650 வாட், சில ஆண்டு உத்தரவாதம் ஆகிய நான்கும் இருக்கட்டும். இதில் மிச்சம் பிடிப்பவர் பின்னர் மற்றப் பாகங்களை இழக்க நேரிடும்.

வீட்டுப் பிளக்கில் எர்த் சரியாக உள்ளதா என்று எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். யு.பி.எஸ். வாங்கும்போது ‘600 வி.ஏ.’ என்பதை 600 வாட் என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் அது தாங்குவது 360 வாட் அளவே. வடநாட்டு வெயிலுக்கும் தூசிக்கும், முகப்பில் கண்ணாடி போட்ட கேபினெட்டைவிட வலை போட்டதே நல்லது. விளக்குகளால் விளையாட்டு ஒரு மயிரிழையும் வேகமாக ஓடாது.

பழைய சரக்கு

தில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லாமிங்டன் சாலை, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, கல்கத்தாவில் சாந்தினி சௌக் ஆகிய இடங்களில் பழைய கார்டுகளும் விலைக்கு வரும். இரவும் பகலும் ஓயாமல் ஓட்டி எதீரியம் என்ற மின்காசு ஈட்டப் பயன்பட்ட கார்டுகள் அவற்றில் கலந்திருப்பதுண்டு. 2022 செப்டம்பரில் அந்த மின்காசின் முறையே மாறிப்போக, அக்கார்டுகள் பழைய சந்தைக்கு வந்துசேர்ந்தன. எல்லாம் கெட்டவை என்று சொல்வதற்கில்லை. ஆனால் கண்முன் அரை மணி நேரம் கனமான விளையாட்டொன்றை ஓட்டிக் காட்டச் சொல்லி, விசிறிச் சத்தத்தையும் படத்தையும் கவனித்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.

பழையதோ புதியதோ, பிராசஸரின் பெயரையும் கவனியுங்கள். இன்டெல் பிராசஸரின் எண்ணுக்குப் பின் ‘எஃப்’ என்றிருந்தால் அது தானாகப் படம் வரையாது. கார்டு பழுதானால் திரை இருண்டுவிடும்.

பில்லே பாதுகாப்பு

ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் எழுதிய ஜி.எஸ்.டி. பில்லைக் கேட்டுப் பெறுங்கள். ஊர்விட்டு ஊர் போகும் நமக்கு, வாங்கிய கடை நாளை எட்டாத தூரத்தில் இருக்கும். அப்போது நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் நமக்காகப் பேசுவது அந்தக் காகிதம் ஒன்றே. வாங்கும் பாகத்துக்கு உங்கள் ஊரிலும் சர்வீஸ் உண்டா என்று முன்னரே விசாரிப்பதும் நன்று.

விளையாட்டுகளை வாங்குவதிலும் அவசரம் வேண்டாம். வேலரன்டும் ராக்கெட் லீக்கும் இலவசம். ஸ்டீம் கடையில் வாங்கியது பிடிக்காவிடில், 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பணம் கட்டி ஆடும் சூது இதினின்றும் வேறு. அத்தகைய இணைய ஆட்டங்களைத் தடுக்கும் சட்டத்தை நம் பாராளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. விளையாட்டு என்றாலே அஞ்சும் பெற்றோர் இவ்வேற்றுமையை அறிதல் நலம்.

இரண்டாம் கணினி வந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. அதில் விளக்கில்லை, தனிக் கார்டும் இன்னும் இல்லை. கார்டு வேண்டும் நாளில் பொருத்திக்கொள்ள இடமும், தாங்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் இருக்கின்றன. கணினியை அவன் அறையில் வைக்காமல் கூடத்தில் வைத்தோம். பாடம் முடிந்த பின் ஒரு மணி நேரம் என்று ஏற்பாடு. அந்த நேரத்தில் எங்கள் கூடத்தில் கேட்பது சுத்த மதுரைப் பேச்சு. “டேய், பந்தை விட்றாதடா!” என்று அங்கிருந்து ஒருவன் கத்த, இங்கிருந்து இவன் சிரிக்கிறான். பள்ளித் தோழனான பஞ்சாபிப் பையன் ஒருவனும் இப்போது அவர்களோடு சேர்ந்திருக்கிறான். “போடு, போடு” என்று கூவுமளவுக்குத் தமிழும் கற்றுக்கொண்டான்.

அன்பர்களே, கடைக்குப் புறப்படுமுன் பிள்ளையை அருகில் அமர்த்தி, “என்ன விளையாடப் போகிறாய்? யாரோடு?” என்று கேளுங்கள். அவன் கூறும் பதிலைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரரிடம் பேச வேண்டியது அந்தத் தாள்தான்.