கடற்கரையில் 200 மீட்டரா, 50 மீட்டரா?

கடற்கரை நிலத்தில் யார், என்ன கட்டலாம் என்பதை முடிவு பண்ணுவது ‘சி.ஆர்.இசட்’ எனப்படும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1991-ல் முதலில் வந்தது. 2011-லும் 2019-லும் புதுசா எழுதினாங்க. அலை அதிகபட்சமாக ஏறும் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை இதன் கட்டுப்பாட்டில் வரும்.

இதில் கிராமப்புறக் கடற்கரைக்கு ஒரு முக்கியமான விதி உண்டு. கடலை ஒட்டிய குறிப்பிட்ட தூரத்துக்குப் புதுக் கட்டுமானம் கூடாது. 2011 அறிவிக்கையில் அந்தத் தூரம் 200 மீட்டர். சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வசிக்கும் இடங்களில் 2019 அறிவிக்கை அதை 50 மீட்டராகக் குறைத்தது. மற்ற கிராமங்களுக்கு 200 மீட்டர்தான்.

குறைச்சது சரியா? ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. மணல்மேடுகள் புயல் அலையின் வேகத்தைத் தடுக்கும். மழைநீரைப் பிடித்து வைத்து, கிணற்றில் உப்புத்தண்ணி ஏறாமல் காக்கும். ஆமை முட்டையிடுவதும் கரை மணலில்தான். இன்னொரு பக்கம், மீனவர்கள் கடலை விட்டுத் தள்ளிப்போய் வாழ முடியாது. அந்த 200 மீட்டருக்குள் பாரம்பரிய கடலோர மக்கள் வீடு கட்ட, 2011 அறிவிக்கை 100 மீட்டருக்கு அப்பால் மட்டுமே இடம் கொடுத்தது. குடும்பம் பெருகும்போது அது போதாது. ஆனா 50 மீட்டர் என்று குறைத்தால், திறந்துவிடும் இடத்தில் ரிசார்ட்டும் வரலாம். நில விலைப் போட்டியில் யார் ஜெயிப்பாங்கனு சொல்லவே வேண்டாம்.

அதனால்தான் ‘கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டம்’ என்ற வரைபடம் முக்கியம். மீன் காயவைக்கும் இடம், ஐஸ் பிளான்ட், மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவை எல்லாத்துக்கும் இதில் இடம் வேணும் என்று அறிவிக்கையே சொல்கிறது. இது ஒப்புதல் ஆகும்வரை 50 மீட்டர் சலுகையும் கிடையாது.

இங்கே நம்ம சர்வேயிங் பாடம் உதவும். திட்ட வரைபடத்தின் அளவுகோல் 1:25,000. அப்போ 50 மீட்டர், தாளில் வெறும் 2 மில்லிமீட்டர். கருவாடு காயும் மணலை அதில் எப்படிக் காட்டுவது? கிராம அளவில் 1:4,000-ல் வரைந்தால் அதே 50 மீட்டர் 12.5 மில்லிமீட்டர் ஆகும், தெளிவாகத் தெரியும். அந்த மணலுக்கு யார் பெயரிலும் பட்டா இருக்காது. பதிவேட்டில் அது புறம்போக்கு. வரைபடத்திலும் இல்லைன்னா, வெளியாள் கண்ணுக்கு அது சும்மா கிடக்கும் இடம். 2023-ல் தமிழ்நாட்டின் வரைவு வந்தபோது, ஊர்களும் பொது இடங்களும் விடுபட்டிருக்கு என்றுதான் மீனவர்கள் எதிர்த்தார்கள்.

ஜி.பி.எஸ் புள்ளி எடுத்து ஜி.ஐ.எஸ்-ல் ஏற்ற நமக்குத் தெரியும். எந்த மணலில் யாருடைய வலை காயும் என்பது ஊர்க்காரங்களுக்குத் தெரியும். ரெண்டும் சேர்ந்த ஒரு வரைபடம் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன்னாடியே ரெடியா இருந்தால், விடுபட்ட இடத்தைக் கைகாட்டிக் கேட்கலாம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுறவங்க இதையும் யோசிங்க.